இரண்டு சிரிஞ்ச் தண்ணீர்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் தெரிந்துகொண்டு யாரும் மூக்கின் மேல் விரல் வைக்க வேண்டாம். ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான். ஒருவருக்கு இல்லை, இரண்டு பேருக்கு.

முப்பத்தைந்து வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். அங்கே எனக்குப் பட்டாசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவரும் இல்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் தங்கையோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று, காலையில் மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறேன். ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் பத்து மணிவரை வெறும் வயிற்றோடும் கடுகடுத்த முகத்தோடும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். என் கோபத்துக்கு ஏற்ற இடம்.

அன்றைக்கு எட்டரை மணி இருக்கும். ஊசியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆறடி மனிதர் ஒருவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது கண்ணாடிக் கடைக்காரி உள்ளே வந்து, டோக்கன் எடுத்துக்கொண்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை அவளுடையது. என் மூக்கில் இருப்பதும் அவள் கடைச் சரக்குதான். இருபத்தாறு வருடமாக என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள் டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் உட்கார்ந்திருந்த விதமே சரியாகப் படவில்லை.

அவள் முறை வந்ததும் கையை நீட்டச் சொன்னேன்.

"சாப்பிடாமதான வந்த?"

"எனக்கு டெஸ்ட் இல்லக்கா. உங்களுக்குத்தான். சாயங்காலம் நாலு மணிக்கு, எங்க கோயில் ஆபீஸ்ல, ஃபாதர் முன்னாடி."

பத்து மணிக்குக் கடைசி ஆளை அனுப்பிவிட்டு, பஞ்சுப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் அவளை உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டேன்.

அவள் மகளுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். கத்தோலிக்கர்கள் கோயிலில் கல்யாணம் செய்ய ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொல்லி, ஒருவரைக் கிறிஸ்துவோடு சேர்த்துவிடுகிற காரியம் அது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். இரண்டாவது தடவை கொடுக்கக் கூடாது. சான்று எடுப்பதற்காகப் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது, மகளின் பெயருக்கு எதிரே "அவசர ஞானஸ்நானம், மருத்துவமனையில்" என்று இருந்திருக்கிறது. கொடுத்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், முன்பு இருந்த வயதான ஃபாதர் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். குழந்தை தேறிய பிறகு எண்ணெய் பூசுவது போன்ற மிச்சச் சடங்குகளைச் செய்தவர் அவர். நர்ஸின் பெயரைப் பிறகு கேட்டு எழுதலாம் என்று விட்டிருப்பார். அப்புறம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்குறியைக் கண்டுபிடித்தது மாப்பிள்ளையின் அத்தை. கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருடமாகத் தப்பான விடைகளைத் திருத்தியவரின் கண்ணில் ஒரு கேள்விக்குறி தப்புமா?

"புது ஃபாதர் நல்லவருக்கா. சந்தேகம் இருந்தா, 'இதுக்கு முன்னாடி நீ ஞானஸ்நானம் வாங்கியிருக்கலைன்னா'ன்னு ஒரு நிபந்தனை சொல்லி, மறுபடி ஊத்தலாமாம். அஞ்சு நிமிஷ வேலைன்னு சொல்றார். எங்க வீட்டுக்காரரும் சரிங்கறார். பொண்ணும் சரிங்கறா."

"அப்புறம் உனக்கு என்ன? ஊத்திட்டுப் போகட்டுமே."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"அவளுக்கு மறுபடி ஊத்தலாம். அவனுக்கு யாருக்கா ஊத்துறது?"

எனக்குச் சுரீர் என்றது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இரட்டை. கணவர் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். நடுப்பகல், நான் பகல் டியூட்டி. பெண் முதலில் வந்தாள், பையன் பின்னால் வந்தான். இரண்டும் சேர்ந்தால்கூட ஒரு ஒழுங்கான குழந்தையின் எடை இல்லை. உடனே பெற்றவளுக்கு ரத்தப்போக்கு. ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்துங்க, சாமியார் வர்ற வரைக்கும் தாங்காது, நீங்களே ஊத்துங்க என்றாள். வார்த்தைகளையும் சொன்னாள். சரி என்றேன்.

ஆபரேஷன் முடிந்து அவள் கண்ணைத் திறந்தபோது சாயங்காலம். ஊத்தினீங்களா என்று கேட்டாள். ஊத்தினேன் என்றேன். பையன் எப்படி இருக்கிறான் என்றாள். நன்றாகத் தூங்குகிறான் என்றேன். அவன் போய் அப்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, காலைவரை சொல்லக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

"அன்னிக்கு நீங்க சொன்னது ரெண்டு," என்றாள் கண்ணாடிக் கடைக்காரி, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு. "ஒண்ணு பொய்னு மறுநாள் தெரிஞ்சுது. இன்னொண்ணு என்னன்னு நான் கேக்கவே இல்ல. கேக்கப் பயமா இருந்துச்சு."

இருபத்தாறு வருடம். ஒவ்வொரு வருடமும் மகளின் பிறந்தநாளுக்கு இனிப்போடு என் வீட்டுக்கு வந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனவள் இந்த முள்ளை மனதுக்குள் வைத்துக்கொண்டா வந்தாள்? எனக்கு அவள்மீது கோபம் வந்தது. அதைவிட அதிகமாக என்மீது வந்தது.

"ஊத்துனேன்டி. ரெண்டு பேருக்கும்."

"இதை ஃபாதர் முன்னாடி சொல்லுங்க. நம்பகமான ஒரு சாட்சி போதுமாம்." எழுந்தவள் தயங்கினாள். "அக்கா, உங்களுக்கு நம்பிக்கை இல்லைங்கறத மட்டும், கேட்டா மட்டும் சொல்லுங்க."

நாலு மணிக்குக் கோயில் அலுவலகம். பிளாஸ்டிக் நாற்காலிகள், காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர், மேசைமேல் அட்டை கிழிந்த பெரிய பதிவேடு. ஃபாதருக்கு முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. என் கையில் பிறந்திருக்கக்கூடிய வயது. பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக் காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்யாணப் பெண், மடியில் ஹெல்மெட். அவள் ஆபீஸிலிருந்து அப்படியே வந்திருந்தாள்.

நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தேன். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அன்னிக்கும் கிடையாது, இன்னிக்கும் கிடையாது."

கண்ணாடிக் கடைக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

ஃபாதர் கையில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அதனால ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. உட்காருங்க."

"எப்படிக் கெட்டுப்போகாது? உங்க சடங்க நம்பாதவ செஞ்சா அது செல்லுமா?"

நான் என் பக்கத்து வழக்கை நானே தோற்கடிக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே புரிந்தது. ஆனால் பொய்யான காரணத்தால் ஜெயிப்பது எனக்குப் பிடிக்காது.

"ஞானஸ்நானம் கொடுக்கறது நீங்க இல்ல. நானும் இல்ல," என்றார் ஃபாதர். "கிறிஸ்து கொடுக்கறார். நம்ம கையக் கடன் வாங்கிக்கறார். கை சுத்தமா இருந்தாதான் செல்லும்னா, என் கையால நடந்ததே எத்தனை செல்லும்னு தெரியாது. சாதாரணமா குருமார்தான் கொடுப்போம். உயிர் போற அவசரம்னா யார் வேணும்னாலும் கொடுக்கலாம். ஞானஸ்நானம் வாங்காதவங்ககூட. தண்ணி ஊத்தணும், அந்த வார்த்தையச் சொல்லணும், திருச்சபை செய்யறதச் செய்யணும்னு மனசுல நினைக்கணும். அன்னிக்கு நீங்க என்ன நினைச்சீங்க?"

"என்னத்த நினைக்கறது? இந்தப் பொண்ணு கேட்டா. உங்க கோயில்ல எப்படிச் செய்வாங்களோ அதையே ஒழுங்கா செஞ்சு முடிக்கணும்னு நினைச்சேன். டாக்டர் எழுதித் தர்ற மருந்துல எனக்கு நம்பிக்கை இருக்கான்னு பாத்துட்டா ஊசி போடறேன்?"

"அது போதும்," என்றார் ஃபாதர். "ஊசிக் கணக்கு பாதிதான் சரி. மருந்துக்கு நோயாளி யாருன்னு தெரியாது. கிறிஸ்துவுக்குத் தெரியும். ஆனா நீங்க நினைச்சது போதும்."

அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. நெஞ்சுக்குள் எங்கேயோ கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"ஒரு கேள்வி கேக்கறேன், தம்பி. ஃபாதர். முப்பத்தஞ்சு வருஷத்துல என் கையில எத்தனையோ குழந்தைங்க போயிருக்கு. இவ ஒருத்திதான் தண்ணி ஊத்தச் சொன்னா. மத்ததுங்க கதி என்ன? தண்ணி படலைன்னு உங்க கடவுள் கதவச் சாத்திட்டாரா? அப்படின்னா அவர் எனக்கு வேண்டவே வேண்டாம்."

குரல் உயர்ந்துவிட்டது. கல்யாணப் பெண் என் முழங்கையைத் தொட்டாள். பட்டாசு வெடித்தால் யாராவது தொட்டுத்தான் அணைக்க வேண்டும்.

ஃபாதருக்குச் சிரிப்பு போய்விட்டது. கோபம் வரவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட வழி இந்தத் தண்ணி. அதனாலதான் அவசரத்துக்கு யார் கையா இருந்தாலும் சரின்னு சொல்றோம். ஒரு குழந்தையும் விட்டுப்போகக் கூடாதுங்கற தவிப்பு அது. ஆனா கடவுளுக்கும் இந்த ஒரே வழிதான்னு நாங்க சொல்லல. நாங்கதான் இந்தத் தண்ணிக்குக் கட்டுப்பட்டவங்க, அவர் இல்ல. அந்தக் குழந்தைங்கள அவர் இரக்கத்துல ஒப்படைக்கிறோம். பிள்ளைங்கள என்கிட்ட வர விடுங்கன்னு சொன்னவர் அவர். அதனால நம்பிக்கையோட ஒப்படைக்கிறோம். எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியாதும்மா."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். டாக்டர்களிலும் அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும்.

கண்ணாடிக் கடைக்காரி மெதுவாகச் சொன்னாள். "அவர் பாத்துப்பார்னு எனக்கும் தெரியும், ஃபாதர். இருந்தாலும் அவன் அம்மாவா என்னால அவனுக்குக் கொடுக்க முடிஞ்சது அது ஒண்ணுதான். நான் கேட்டது நடந்துச்சான்னு தெரியணும்."

அத்தை தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலில் முப்பது வருட வகுப்பறை இருந்தது.

"நம்பிக்கை இல்லாதவங்க கொடுத்தாலும் செல்லும்னு எனக்குத் தெரியும். அது என் பாடம். என் கேள்வி வேற. நீங்க கொடுத்தீங்களா? இவங்க மனசு நோகக் கூடாதுன்னு பையன் தூங்கறான்னு சொன்னீங்களாம். தப்புன்னு சொல்லல, நானும் சொல்லியிருப்பேன். அதே மாதிரி, இவங்க மனசு நோகக் கூடாதுன்னு ஊத்துனேன்னும் சொல்லியிருக்கலாம் இல்லையா?"

கேள்வி நியாயமானது. அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் ஒண்ணுதான் சொன்னேன். அது டாக்டர் எழுதித் தந்த பொய். நான் செய்யாத ஒண்ணை வாழ்க்கையில சார்ட்ல எழுதினதில்ல. கேளுங்க, சொல்றேன்."

சொன்னேன்.

டாக்டர்கள் போனில் மருந்து சொன்னால் நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்வோம். இவளிடமும் அப்படித்தான். தள்ளுவண்டியோடு ஓடிக்கொண்டே வார்த்தைகளை இரண்டு தடவை திருப்பிச் சொன்னேன். சரி என்று தலையாட்டிய பிறகுதான் அவள் கையை விட்டேன். திரும்பி வந்தேன். ஊசி மருந்து கலக்குகிற சுத்தத் தண்ணீர் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியை, ஆம்பூலை, எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். குறைமாதக் குழந்தைக்குச் சில்லென்று தண்ணீர் பட்டால் உடம்புச் சூடு இறங்கிவிடும். கை சூட்டில் அது வெதுவெதுப்பானதும் உடைத்து, சிரிஞ்சில் எடுத்து, முனையில் இருந்த ஊசியைக் கழற்றிவிட்டேன். பையன்தான் ரொம்ப மோசமாக இருந்தான், அதனால் அவனுக்கு முதலில். கம்பளித் தொப்பியைக் கழற்றி, நெற்றியில் ஊற்றிக்கொண்டே சொன்னேன். தண்ணீர் ஓடிக் காதுக்குப் பின்னால் போயிற்று. முகத்தைச் சுளித்தான். துடைத்துத் தொப்பியைத் திரும்பப் போட்டேன். கையைக் கழுவினேன். இன்னொரு ஆம்பூல், இன்னொரு சிரிஞ்ச். மறுபடி கை சூட்டில் வைத்தேன். பெண்ணுக்கு ஊற்றினேன். அவள் ஊரைக் கூட்டினாள்.

"என்ன வார்த்தை சொன்னீங்க?" என்றார் ஃபாதர்.

மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரிச் சொன்னேன். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தடவையா, தனித்தனியா?" இது அத்தை.

"இதென்ன கேள்வி? ஒரு சிரிஞ்ச ரெண்டு பேருக்குப் போடறவ நான் இல்ல. தனித்தனி சிரிஞ்ச், தனித்தனி வார்த்தை."

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிக்கிறார்.

"நெத்தியில தண்ணி ஊத்தறதுக்கு ரெண்டு சிரிஞ்ச், ஃபாதர். நடுவுல கை வேற கழுவியிருக்காங்க. பொய் சொல்றவங்க ஒரு சிரிஞ்சோட நிறுத்தியிருப்பாங்க." மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "எனக்குச் சந்தேகம் தீர்ந்துபோச்சு. கேட்டதத் தப்பா நினைக்காதீங்க."

"கேக்கலைன்னாதான் தப்பா நினைச்சிருப்பேன்," என்றேன். உண்மையாகவே அப்படித்தான்.

கண்ணாடிக் கடைக்காரி என் உள்ளங்கையை இழுத்து, அதில் ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் பேனாவை எடுத்தார். பழைய பதிவை அடிக்கவோ அழிக்கவோ கூடாதாம். கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் என் பெயரையும் தொழிலையும் எழுதி, சாட்சி சொன்ன தேதியைப் போட்டார். "கல்யாணப் பொண்ணுக்கு மறுபடி ஊத்த வேண்டிய அவசியமே இல்ல. ஊத்தவும் கூடாது," என்றார். பிறகு புதிதாக ஒரு வரியைத் தொடங்கினார்.

"பையனும் ஞானஸ்நானம் வாங்கினவன். அவனும் இதுல இருக்கணும். பேர் என்னம்மா?"

கண்ணாடிக் கடைக்காரியின் முகம் விழுந்துவிட்டது. "பேர் வைக்கல, ஃபாதர். அதுக்குள்ளதான். ஆஸ்பத்திரிச் சீட்டுல ஆண் குழந்தைன்னுதான் இருக்கு. கல்லறையிலயும் தேதி மட்டும்தான்."

"யாரு சொன்னா வைக்கலைன்னு?" என்றேன். "அந்த வார்த்தைக்கு முன்னாடி பேரச் சொல்லித்தான் ஊத்தணும்னு நீதான சொன்ன. என்ன பேருன்னு கேட்டேன். ரெண்டு பேரோட பேரையும் சொன்ன. அதையும் திருப்பிச் சொன்னேன், நீ தலையாட்டின."

"நானா?"

"நீதான். பாதி மயக்கத்துல இருந்த."

அவனுடைய பெயரைச் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அந்தப் பதிவேட்டில் இருக்கிறது, அங்கே இருந்தால் போதும்.

கண்ணாடிக் கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கைக்குள்ளிருந்தே பேசினாள். "மனசுக்குள்ள வெச்சிருந்த பேரு அது. இவ அப்பாகிட்டகூடச் சொன்னதில்ல. சொன்னா தாங்க மாட்டேன்னு சொல்லவே இல்ல. பேர் இல்லாமப் போயிட்டான்னே இத்தனை வருஷமும்..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். என் கண்ணும் சும்மா இல்லை. அதை மறைக்க அந்தப் பாழாய்ப்போன பிரிண்டரைத் திட்டினேன். அது பாவம், அப்போது ஒன்றும் செய்யவில்லை.

ஃபாதர் எழுதி முடித்து, இரண்டு வரிகளையும் சத்தமாகப் படித்துக் காட்டினார். தம்பியின் பெயர், அக்காவின் பெயர், கொடுத்தவர் பெயர், நாள். யாருக்கு முதலில் என்று அத்தை விடாப்பிடியாகக் கேட்டு அதையும் எழுதவைத்தார். கையெழுத்துப் போடுமுன் நான் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். பழக்கதோஷம்.

கல்யாணப் பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் சண்டைக்களை.

"இருங்க. நான்தான பெரியவ? நான்தான முதல்ல பொறந்தேன்?"

"ஆமா."

"அப்புறம் எப்படி ஞானஸ்நானம் அவனுக்கு முதல்ல?"

"அவன் அவசரக்காரன்," என்றேன்.

அவள் குனிந்து, புது மை இன்னும் காயாத அந்த வரியின்மேல் விரல் படாமல் சுட்டிக்காட்டி, அவன் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "வரிசையில நிக்கத் தெரியாதாடா உனக்கு?" என்றாள்.

அவள் அம்மா சிரித்தாள். மூக்கு ஒழுக, கண்ணாடி கோணலாகிப் போக, வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, அவள் மகனை ஒருவர் பெயர் சொல்லித் திட்டியிருந்தார்.